பன்னிரண்டு பேருக்குப் பதினொரு சத்தம்

நாற்பத்தெட்டு வயதில் என்னை மறுபடியும் சிப்பாயாக்கினார்கள். அதுவும் சொந்த நாட்டுச் சிப்பாய் இல்லை. பிரிட்டிஷ்காரன் இந்தப் பாலைவனத்தில் வைத்திருந்து, அவன் கிளம்பிப் போனபோது பெயர் மாறிப்போன ஒரு எல்லைப்படையின் சிப்பாய்.

நான் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் ஊரில் பாதி வீட்டில் பட்டாளத்துப் பெட்டி இருக்கும். நானும் போனேன். காலாட்படையில் பதினேழு வருஷம். அதை முடித்துவிட்டு சவுதியில், ஜுபைலில் ஒரு தொழிற்சாலை கேட்டில் காவல் வேலை. பிறகு துபாய். அல் குசைஸில் கம்பெனி கொடுத்த ரூமில் ஆறு பேரோடு இருந்தேன். ஒரு பெரிய கடைக் கட்டடத்தில் டூட்டி. அந்தக் காண்ட்ராக்ட் ஜனவரியோடு முடிகிறது என்று டிசம்பர் தொடக்கத்தில் சொன்னார்கள்.

முடிந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். பெஞ்ச். டூட்டி இல்லாமல் ரூமில் உட்காரவைப்பார்கள். ஒரு மாதம் பார்ப்பார்கள். அப்புறம் டிக்கெட் கையில் கொடுத்து, கலாஸ், முடிந்தது, கிளம்பு என்பார்கள். என் மகள் நர்சிங் மூன்றாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடிகிற வரை நான் இங்கே இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

அந்த நேரத்தில் மேனேஜர் பட்டாளத்தில் இருந்தவர்களை மட்டும் கூப்பிட்டார். துபாயிலிருந்து இரண்டு மணி நேர தூரத்தில், மணலுக்கு நடுவில் ஒரு பழைய கோட்டை. அந்த எல்லைப்படை தங்கியிருந்த இடம். இப்போது அதை மியூசியம் ஆக்குகிறார்கள். குளிர்காலம் முழுக்க, சாயங்காலம் வருகிற ஜனங்களுக்கு அந்தக் காலத்துச் சிப்பாய்கள் பரேடு செய்கிற மாதிரி ஒரு காட்சி காட்ட வேண்டும். பகலில் அவர்களே கோட்டைக்குக் காவல். நாலு வாரம் டிரெய்னிங். பன்னிரண்டு பேர் போகிறோம், எட்டுப் பேரை எடுப்பார்கள். எட்டுப் பேருக்கும் இரண்டு வருஷ காண்ட்ராக்ட். மீதி நாலு பேருக்குப் பெஞ்ச்.

"அரபிச் சிப்பாயா நாங்க நடிக்கணுமா சார்?" என்று கேட்டேன்.

"மூஞ்சில துணி சுத்திக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மேனேஜர்.

அதுதான் அவர்கள் சரித்திரத்துக்குக் கொடுத்த மரியாதை.

மறுநாள் விடியற்காலையில் பஸ் எங்களைக் கொண்டுபோய் இறக்கியது. நாலு மூலையிலும் கோபுரம் வைத்த மண் நிறக் கோட்டை. உள்ளே முற்றம் முழுக்கப் புதிதாகக் கல் பாவியிருந்தார்கள். காட்சி நடத்துகிற கம்பெனிக்காரன் ஒருத்தன், கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "சவுண்ட், சவுண்ட், எனக்கு பூம் என்று கேட்க வேண்டும்" என்று சொன்னான். எங்களுக்கு மரத்துப்பாக்கி கொடுத்தார்கள். சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி கொடுத்தார்கள். அடியில் இரும்பு லாடம் அடித்த பூட்ஸ் கொடுத்தார்கள். பூட்ஸைக் கையில் வாங்கியதுமே இது எனக்கு ஆகாது என்று நினைத்தேன்.

காரணம் என் வலது முழங்கால். பட்டாளத்தில் ஒரு பனிமலை எல்லையில் இருந்தபோது பாறையில் சறுக்கி முழங்கால் திரும்பிவிட்டது. சொன்னால் மெடிக்கல் கேட்டகரி குறைத்துவிடுவார்கள், புரமோஷன் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பாட்டில் தைலத்தோடு மூடி மறைத்தேன். அப்புறம் எல்லா இடத்திலும் அதே கதை. காவல் வேலைக்கு நிற்கத் தெரிந்தால் போதும், அதனால் பத்து வருஷம் ஓடிவிட்டது. ஆனால் பரேடு வேறு. நம் பட்டாளத்துப் பரேடில் 'தம்' என்று நிறுத்தினால் வலது முழங்காலை இடுப்பு வரைக்கும் தூக்கி, தரை பிளக்கிற மாதிரி அடித்து நிற்க வேண்டும். கல்லின் மேல் லாடம் அடித்த பூட்ஸோடு ஒரு நாளைக்கு நூறு தடவை.

டிரெய்னிங் கொடுக்க வந்தவர் வடக்கே இமயமலைப் பக்கத்துக்காரர், ரிட்டயர்டு ஹவில்தார். எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிட்டோம். குள்ளமான ஆள். மீசை ஆளைவிடப் பெரியது. அந்த எல்லைப்படையில் எந்த பாஷையில் கமாண்ட் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் அவர் முயலவில்லை. இந்தியில் 'சாவ்தான்' என்றார், விறைத்து நின்றோம். 'தேஸ் சல்' என்றார், வேகமாக நடந்தோம். 'தம்' என்றார். தமிழன், நேபாளி, பஞ்சாபி எல்லோரும் சேர்ந்து இந்தியில் அரபிச் சிப்பாய் ஆனோம்.

'தம்' என்று கேட்டதும் பதினேழு வருஷப் பழக்கம். மூளைக்குப் போகாமலே கால் தானாக மேலே போனது. முதல் நாள் முதல் அடியிலேயே கண்ணில் பூச்சி பறந்தது. சாயங்காலத்துக்குள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது நாளிலிருந்து ஒரு வித்தை செய்தேன். காலைத் தூக்குவேன், எல்லோரையும் போல வேகமாக இறக்குவேன், கடைசி நொடியில் பிடித்து, பூப்போல வைப்பேன். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. சத்தம் மட்டும் வராது.

சத்தத்தை ஈடுகட்ட ஒருத்தர் கிடைத்தார். என் இடப்பக்கம் நின்ற திருச்செந்தூர்க்காரர். சவுதியில் அல் கோபாரில் சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்றவர், இங்கே வந்து இரண்டு வருஷம். அவர் பட்டாளத்துக்காரரே இல்லை. கம்பெனியில் பதினோரு எக்ஸ் சர்வீஸ்தான் இருந்தோம். கணக்கு சரியாக வர வேண்டும் என்று சூப்பர்வைசர் இவர் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டான்.

"நான் ஸ்கூல் பரேடுல காக்கி டிராயர் போட்டு நடந்தவன் அண்ணாச்சி. அதுவும் முடிஞ்சதும் பூரி குடுப்பாங்கன்னு போனது" என்று பஸ்ஸில் வைத்து என் காதில் சொன்னார். "வெளிய சொல்லிப்புடாதீரும்."

"என் காலு விஷயத்த நீ சொல்லாத. ஒன் பூரி விஷயத்த நான் சொல்லல" என்றேன்.

அந்த ஆள் மிதித்த மிதி இருக்கிறதே, ராணுவத்தில் நான் பார்த்ததில்லை. அசல் சிப்பாய் அளவோடு அடிப்பான். இவர் பாம்பை அடிக்கிற மாதிரி அடித்தார்.

மத்தியான ஓய்வில் நாங்கள் கோட்டைக்குள் ஒரு நீள அறையில் உட்காருவோம். அங்கே சுவரில் மாட்டுவதற்காகப் பழைய போட்டோக்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். அந்த வேலையைப் பார்த்தது ஒரு தமிழ்ப் பெண். சென்னைக் குடும்பம், பிறந்தது முதல் அல் குசைஸில் வளர்ந்தவள். அரபி சரளமாகப் பேசினாள், தமிழ்தான் நொண்டியது. அந்தப் படையில் இருந்து இன்னும் உயிரோடு இருக்கிற கிழவர்களைத் தேடிப்போய்ப் பேச்சைப் பதிவு செய்வது அவள் வேலை.

ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நான் பேண்ட்டைச் சுருட்டி ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே வந்துவிட்டாள்.

"அங்கிள், முட்டி ரொம்ப ஸ்வெல் ஆயிருக்கே. ஆர் யூ ஓகே?"

"நீ ஒன் வேலயப் பாரும்மா" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிப் போனது. ஒரு போட்டோவை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கோபத்தைத் தணிக்கவோ என்னவோ.

படத்தில் பத்துப் பதினைந்து பையன்கள் வரிசையாக நின்றார்கள். மீசை முளைக்காத முகங்கள். எலும்பும் தோலும். துப்பாக்கி அவர்களைவிட உயரமாகத் தெரிந்தது. ஓரத்தில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு உடனே ஆத்திரம் வந்தது. எந்த ஊரிலும் இதே போட்டோதான். எங்கள் தாத்தா காலத்துப் போட்டோவிலும் இப்படித்தான் ஒருத்தன் ஓரத்தில் நிற்பான். வெயிலில் நிற்கிறவன் வேறு, வெயிலில் நிற்கவைக்கிறவன் வேறு. அந்த ஆத்திரத்தில் பையன்களின் கால்களை நான் பார்க்கவே இல்லை.

மூன்றாவது வாரம் பிரச்சினை வந்தது. உஸ்தாத் கண்ணை மூடிக்கொண்டு 'தம்' கொடுக்க ஆரம்பித்தார். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டால் பிழை தெரியும் என்பது பரேடு வாத்தியார்களின் பழைய வழக்கம். நாலைந்து தடவை நிறுத்தினார். கண்ணைத் திறந்தார்.

"பன்னிரண்டு ஆள். பதினோரு சத்தம்" என்றார் இந்தியில்.

ஆறு ஆறாகப் பிரித்தார். முதல் ஆறு சரி. எங்கள் ஆறில் குறைகிறது என்றார். மூன்று மூன்றாகப் பிரித்தார். என்னோடு திருச்செந்தூர்க்காரரும் ஒரு நேபாளிப் பையனும். பையன் என்றால் முப்பது வயது. எங்கள் எல்லோரிலும் அழகாகப் பரேடு செய்கிறவன். உஸ்தாத் திரும்பி நின்றுகொண்டு கண்ணை மூடினார்.

"தேஸ் சல்... தம்!"

நான் பூப்போல வைத்தேன். திருச்செந்தூர்க்காரர் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று வலது காலையும் அடித்து, இடது காலையும் அடித்துவிட்டார்.

உஸ்தாத் மெதுவாகத் திரும்பினார். "மூன்று ஆள். இப்போது நான்கு சத்தம்?" என்றார்.

நேபாளி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உஸ்தாத் இந்த முறை தலையைத் தாழ்த்தி எங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே கமாண்ட் கொடுத்தார். திருச்செந்தூர்க்காரர் பதறிப்போய் எப்போது அடிப்பது என்றே தெரியாமல் முன்னாலும் பின்னாலும் அடித்தார். பிழை அவர்தான் என்று முடிவாகிவிட்டது. மரத்துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கோட்டையை மூன்று சுற்று ஓடச் சொன்னார். வெளியே மணல். கணுக்கால் வரை புதையும்.

நான் அட்டென்ஷனில் நின்று அவர் ஓடுவதைப் பார்த்தேன். வாயைத் திறந்து 'நான்தான்' என்று சொல்லவில்லை. சொன்னால் என் பெயர் அடிபடும். மகள் முகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல்தான் எரிச்சல்.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு இன்னும் இரைத்தது.

"நாளிக்கிப் போயி சொல்லிடறேன்பா. என்னால நீ போவக் கூடாது."

"சொல்லி? ஒம்ம முட்டியப் பாத்து மாலை போடுவானா? ரெண்டு பேரையும் சேத்துல்லா அனுப்புவான். சும்மா கெடயும்."

"ஒனக்குப் பெஞ்ச் குடுத்துட்டா?"

"எனக்கு ஊர்ல ஒரு டீக்கடை இருக்கு. ஒமக்கு என்ன இருக்கு? ஒரு முட்டி. அதுவும் ஓட்ட முட்டி." சொல்லிவிட்டுத் தலையைச் சன்னலில் சாய்த்துத் தூங்கிவிட்டார். டீக்கடை அவர் மச்சினனுக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரியும்.

கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, ஒத்திகை. மேனேஜர் வந்தார். மியூசியம் அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். பூம் கேட்ட அந்தச் சவுண்ட்காரனும் இருந்தான். அன்றைய ஒத்திகை முடிந்ததும் உஸ்தாத் எட்டுப் பேர் லிஸ்டைக் கொடுக்க வேண்டும். கால்தான் எங்கள் பரீட்சைத் தாள்.

அந்தப் பெண் தன் ஏற்பாட்டில் ஒருத்தரைக் கூட்டி வந்திருந்தாள். எண்பதை நெருங்குகிற ஒரு உள்ளூர்க் கிழவர். பதினாறு வயதில் இதே கோட்டையில் சிப்பாயாகச் சேர்ந்தவராம். மகன் வண்டி ஓட்டி வந்து, கையைப் பிடித்து இறக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். கையில் சின்னக் கிண்ணத்தில் காவா என்கிற அரபிக் காபி கொடுத்தார்கள். காட்சி எப்படி என்று அவர் சொன்னால் நன்றாக இருக்கும் என்பது அதிகாரிகளின் எண்ணம். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார் என்று நினைத்திருப்பார்கள்.

நடந்தோம். திரும்பினோம். உஸ்தாத் நெஞ்சைப் புடைத்து 'தம்' என்றார்.

பூம். சவுண்ட்காரன் கட்டைவிரலைத் தூக்கினான்.

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். காவா சிந்தியது. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் என்னவோ கேட்டார். அவள் தயங்கினாள்.

"என்ன சொல்றார்?" என்றார் மேனேஜர்.

"தரைக்கு அடியில யாரைக் கூப்பிடறீங்கன்னு கேக்கறார், சார்."

உஸ்தாத்துக்கு விஷயம் புரியவில்லை. இந்தியில் சொன்னதும் மீசை துடித்தது. கிழவர் கையை ஆட்டி "மாஃபி, மாஃபி" என்றார். இப்படியெல்லாம் கிடையவே கிடையாது. அப்புறம் அவர் பேசப் பேச அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

அவர்கள் சேர்ந்த புதிதில் வெள்ளைக்காரன் பூட்ஸ்தான் கொடுத்தானாம். அதுவரை வெறுங்காலில் ஒட்டகத்தின் பின்னால் நடந்த பையன்கள். பூட்ஸுக்குள் மணல் போய்க் குதிகால் எல்லாம் புண். ரோந்து கிளம்பி, ஆபீசர் கண்ணுக்கு மறைந்ததும் பூட்ஸ் இரண்டையும் நாடாவால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலில் நடப்பார்களாம். திரும்பும்போது கோட்டைக்கு முந்தின மேட்டில் உட்கார்ந்து மறுபடி மாட்டிக்கொள்வார்களாம். ஒரு நாள் ஆபீசர் எதிரிலேயே வந்துவிட்டான். ஒருத்தன் காலிலும் பூட்ஸ் இல்லை. எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்தானாம். ஆனால் கொஞ்ச நாளில் எல்லோருக்கும் தோல் செருப்பு வந்துவிட்டது.

"செருப்பு போட்டுட்டு இப்படி அடிச்சா வார் அறுந்துடும்னு சொல்றார். அப்புறம், இந்த முற்றத்துல கல்லே இல்லயாம். மணல்தானாம்."

இரண்டு கூட்டத்துக்குக் கிணற்றுச் சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பதுதான் பாதி நாள் வேலையாம். ஒரு தடவை அவர் நிறுத்திச் சோதனை போட்ட ஒட்டகங்கள் அவருடைய சொந்தச் சித்தப்பாவுடையவை. சித்தப்பா சாகும்வரை அவரோடு பேசவில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. அந்த வெள்ளைக்காரன் பெயர் அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. எனக்குத்தான் திட்ட வேண்டும் போல இருந்தது. சித்தப்பனையும் அண்ணன் மகனையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டானே.

அப்புறம் கிழவர் மகனின் கையை உதறிவிட்டு எழுந்தார். எங்கள் முன்னால் நாலு அடி நடந்தார். நின்றார். அவ்வளவுதான். ஒரு கால் வந்து இன்னொரு காலின் பக்கத்தில் சேர்ந்தது. இலை விழுகிற சத்தம்கூட இல்லை. ஆனால் முதுகு கம்பி மாதிரி நின்றது. எண்பது வயது ஆள்.

எங்களையும் அதே மாதிரி ஒரு தடவை நடக்கச் சொன்னார். நடந்தோம். உஸ்தாத் குரல் இறங்கி 'தம்' சொன்னார். பழக்கம் விடுமா? பத்துப் பேர் கால் தானாகப் போய்த் தரையை அறைந்தது. நேபாளிதான் எல்லோரையும்விட அழகாக அறைந்தான். நான் மட்டும் நான்கு வாரமாகச் செய்வதைச் செய்தேன். திருச்செந்தூர்க்காரர் காலைத் தூக்கிவிட்டு, அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றார்.

கிழவர் என்னையே பார்த்தார். விரலை நீட்டி அந்தப் பெண்ணிடம் அரபியில் சொன்னார். பத்து வருஷம் இந்தப் பக்கத்தில் கிடந்தவன் நான். கால் என்ற சொல்லும் தெரியும், சுகமில்லை என்ற சொல்லும் தெரியும். என்னைப் பார்த்து, அந்த ஆளுக்குக் கால் சரியில்லை என்கிறார். மேனேஜர் இரண்டடி தள்ளி நிற்கிறார். போச்சு என்று நினைத்தேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் எரிந்து விழுந்த பெண். அவள் கிழவரிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாள். கிழவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "தமாம்" என்றார், சரிதான் என்று.

"வாட் இஸ் ஹி சேயிங்?" மேனேஜர்.

"அவர் நிக்கற விதம்தான் கரெக்ட்னு சொல்றார் சார். எல்லாரும் அந்த மாதிரி நிக்கணுமாம்."

பெருமூச்சு விட்டால் தெரிந்துவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

அதிகாரிகள் இரண்டு பேரும் அங்கேயே முடிவு செய்தார்கள். பூட்ஸ் வேண்டாம், செருப்பு. முற்றத்தில் மணல் கொட்டச் சொன்னார்கள். சவுண்ட்காரன் அழாத குறை. கடைசியில் ஸ்பீக்கரில் மேளச்சத்தம் வைத்துக்கொள்ளட்டும் என்று அவனைச் சமாதானப்படுத்தினார்கள். லிஸ்டை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு கொடுமை மற்றவர்களுக்கு. செருப்போடு மணலில் நிற்கப் பழகுவது பட்டாளத்துக்காரனுக்கு அவ்வளவு லேசு இல்லை. இருபது வருஷம் உடம்பில் ஏறியது இரண்டு நாளில் இறங்காது. 'தம்' என்றதும் கால் போய்விடும், மணல் முகத்தில் தெறிக்கும், வார் அறுந்து செருப்பு பறக்கும். திருச்செந்தூர்க்காரருக்கு மட்டும் இறங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டார். "பாத்தீரா, படிக்காதவனுக்குத்தான் சீக்கிரம் படிப்பு வரும்" என்றார்.

புதன்கிழமை நான் உஸ்தாத்திடம் தனியாகப் போனேன். கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இனிமேல் பயமில்லை, அதனால் சொல்லப் போகிறேன் என்பது எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். குறைந்த சத்தம் என்னுடையது. ஓடவைத்த ஆள்மேல் தப்பில்லை.

அவர் டீயை முடித்தார். "எனக்கு இரண்டாவது நாளே தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன் அவனை ஓடவைத்தீர்கள்?"

"நீ வாயைத் திறப்பாயா என்று பார்த்தேன். திறக்கவில்லை. அவனும் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவன் ராணுவத்தில் இருந்தவனும் இல்லை, அதுவும் தெரியும். சொன்னதைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறவன் சிப்பாய் இல்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரிந்துமா ஒரு மாதம் கல்லில் அடிக்கச் சொன்னீர்கள்?"

அவர் பேண்ட்டை மேலே இழுத்துக் காட்டினார். இரண்டு முழங்காலிலும் தடித்த எலாஸ்டிக் பட்டை. "சவுண்ட்காரன் பூம் வேண்டும் என்றான். நான் கொடுக்காவிட்டால் வேறு உஸ்தாத் வருவான். நானும் காண்ட்ராக்ட்தான், பாய்."

திட்ட வாயெடுத்த நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு டீ ஊற்றினார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

அந்தப் பெண்ணிடமும் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. "அன்னிக்கி கத்திட்டேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

"இட்ஸ் ஓகே அங்கிள். என் அப்பாவும் இப்படித்தான், வலிச்சா கத்துவார். ஆர்த்தோ டாக்டர் யாரையாவது பாருங்க, ப்ளீஸ்."

"கெழவர்கிட்ட நீ இன்னா சொன்ன?"

"உங்க பொண்ணு படிக்கறா, வேலை போயிடும்னு சொன்னேன்."

"என் பொண்ணு விஷயம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க ஃப்ரெண்ட் சொன்னார். அவர் எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்றார்." திருச்செந்தூர்க்காரரை நினைத்துப் பல்லைக் கடித்தேன். ஆனால் கோபம் நிலைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ரூமில் சோறு வெந்துகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வந்தது. என் பெயர் ஆறாவது. திருச்செந்தூர்க்காரர் எட்டாவது. நேபாளி இல்லை. எங்கள் எல்லோரிலும் நல்ல சிப்பாய் அவன்தான். அவன் காலால் மட்டும் அடிக்காமல் நிற்க முடியவில்லை. அவனைத் தேடிப்போய்க் கையைப் பிடித்தேன். "கோயி பாத் நஹி, பாய்", பரவாயில்லை என்று சிரித்தான். அவனுக்கு நடந்தது அநியாயம்தான். அதை மாற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. பிறகு அவனுக்கு ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் டூட்டி கிடைத்தது என்று கேள்விப்பட்டபோதுதான் சோறு ஒழுங்காக இறங்கியது.

அன்றே ஊரில் இருக்கிற மனைவிக்கு போன் போட்டேன். ஒரு மாதமாக வீட்டில் எதுவுமே சொல்லவில்லை. காண்ட்ராக்ட் முடிந்தது, பரேடு, முழங்கால், லிஸ்ட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று முடித்தேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

"கால் வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் இன்னா ஒன்ன குதின்னா சொல்லியிருப்பேன்?"

"அதில்ல..."

"இன்னா அதில்ல? பதினேழு வருஷம் மெலிட்டரிக்காரங்கிட்ட மறச்ச, பத்து வருஷம் அரபிக்காரங்கிட்ட மறச்ச. எங்கிட்டயுமா மறைப்ப? போட்டோ எடுத்து அனுப்பு. இப்பவே."

"எத?"

"முட்டிய."

பேண்ட்டைச் சுருட்டி, கட்டிலில் காலை நீட்டி, போட்டோ எடுத்து அனுப்பினேன். பக்கத்துக் கட்டில்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஐந்து நிமிஷத்தில் மகளிடமிருந்து பதில் வந்தது. ஐஸ் வைக்கணுமாம், காலுக்கு அடியில் தலையணை வைக்கணுமாம், ஒரு வாரம் படி ஏறக்கூடாதாம். எங்கள் ரூம் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதை அவளிடம் சொல்லவில்லை. தலையணையை மட்டும் எடுத்துக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கினேன்.